டயாலிசிஸ் நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் சி: ரிப்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து வைரஸ் போகும் வரை

வழக்கமான ரத்தப் பரிசோதனைச் சீட்டின் கடைசிப் பக்கத்தில் ‘ஆன்டி ஹெச்.சி.வி. – ரியாக்டிவ்’ என்று ஒரு வரி வந்திருக்கும். ஹெச்.சி.வி. என்பது ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ். அதைப் பார்த்ததும் ஈரோட்டிலானாலும் பொள்ளாச்சியிலானாலும் வீட்டில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: “கிட்னிதான் போச்சு, இப்ப ஈரலும் போச்சுங்களா?”

போகவில்லை. இந்த வைரஸை உடம்பிலிருந்து முழுவதுமாக ஒழிக்க மாத்திரை இருக்கிறது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் அது கொடுக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு தினமும் ஒரு வேளை, 84 நாள், அவ்வளவுதான். ஊசி கிடையாது, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறார்கள். காரியம் கெடுவது சின்னச் சின்ன இடங்களில்தான்: ரத்தம் தப்பான நேரத்தில் எடுப்பது, கேஸ் மாத்திரையோடு சேர்த்து விழுங்குவது, ‘கிட்னி நோயாளிக்கு இது ஆகாது’ என்ற பழைய பேச்சை நம்பித் தள்ளிப்போடுவது. அந்த இடங்களைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறோம். மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும் உங்கள் சிறுநீரக மருத்துவரும் ஈரல் மருத்துவரும் செய்ய வேண்டியவை. அவர்களிடம் என்ன கேட்பது, எதை மறக்காமல் சொல்வது என்பதற்கு இது உதவும்.

முதல் ரிப்போர்ட்டைப் படிப்பது

‘ரியாக்டிவ்’ என்றால் வைரஸ் இப்போது உடம்பில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்த வைரஸை எதிர்த்து உடம்பு ஒருகாலத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) செய்திருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். தொற்று வந்தவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானாகவே போய்விடுகிறது. மற்றவர்களுக்கு அது நாள்பட்டதாகி ஈரலில் தங்கிவிடுகிறது. இரண்டு வகையினருக்கும் ஆன்டிபாடி பாசிட்டிவாகவே இருக்கும். எனவே அடுத்த பரிசோதனை கட்டாயம்: ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ., பி.சி.ஆர். முறையில். அதாவது வைரஸின் மரபுப்பொருளையே ரத்தத்தில் தேடுவது. யூனிட்டில் இதை ‘வைரல் லோடு’ என்பார்கள். இதில் வைரஸ் தெரிந்தால்தான் சிகிச்சை. தெரியாவிட்டால் சிகிச்சை தேவையில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்துக்கொண்டால் போதும்.

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. டயாலிசிஸ் நோயாளிகளின் நோய் எதிர்ப்புச் சக்தி தளர்ந்திருப்பதால், வைரஸ் உள்ளே இருந்தும் ஆன்டிபாடி நெகட்டிவ் என்று வரலாம். புதிதாகத் தொற்றியவருக்கு ஆன்டிபாடி தெரியவே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். லேப் சீட்டில் 40 வரை ‘நார்மல்’ என்று அச்சிட்டிருப்பார்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு இந்த எண் இயல்பாகவே குறைவாக இருக்கும். மாதாமாதம் 14, 15 என்று வந்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று 32 வந்தால், சீட்டு ‘நார்மல்’ என்று சொன்னாலும் அது கவனிக்க வேண்டிய ஏற்றம். பழைய சீட்டுகளை எறியாமல் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மஞ்சள் காமாலை வரவில்லையே என்று நிம்மதி அடைவதும் சரியல்ல. ஹெபடைட்டிஸ் சி பெரும்பாலும் கண்ணையோ மூத்திரத்தையோ மஞ்சளாக்குவதே இல்லை. அசதி இருக்கும், அதுவும் டயாலிசிஸ் அசதியோடு கலந்துபோகும். பத்து இருபது வருஷம் சத்தமில்லாமல் ஈரலில் தழும்பு ஏறிக்கொண்டே போகும்.

ரத்தம் எடுக்கும் நேரம்

பி.சி.ஆர். பரிசோதனைக்கு டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்பே, ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து) போடும் முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். காரணம் இரண்டு. ஹெப்பாரின் கலந்த ரத்தத்தில் பி.சி.ஆர். வினையே தடைபடும். இருக்கும் வைரஸ் இல்லை என்று காட்டிவிடும். அடுத்தது, டயாலிசிஸ் ஓடி முடிந்ததும் ரத்தத்தில் வைரஸ் அளவு தற்காலிகமாகக் குறைந்திருக்கும்.

நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், காலை ஷிஃப்ட் அவசரத்தில் இரண்டு ஊசியும் குத்தி, லைன் மாட்டி, ஹெப்பாரினும் போய், மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு லேப் பையன் வந்து நிற்பான். “லைனிலிருந்தே எடுத்துக்கலாம்ணா” என்பான். வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த டயாலிசிஸ் வரை இரண்டு நாள் காத்திருப்பது தப்பான ரிப்போர்ட்டை விட மேல். ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயில்தான் எடுக்க வேண்டும். பச்சை மூடிக் குழாய் ஹெப்பாரின் குழாய், இதற்கு ஆகாது. காந்தல்லூர் மலைப்பக்கத்திலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ சாம்பிளை கோவை லேபுக்கு பஸ்ஸில் அனுப்பும் வழக்கம் இருந்தால், பிளாஸ்மாவை முதலில் பிரித்து ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரல் எந்த நிலையில் இருக்கிறது

மருந்தின் கால அளவை இதுதான் தீர்மானிக்கும். ஈரலில் சிரோசிஸ் (தழும்பேறி இறுகிப்போன நிலை) இருக்கிறதா, இருந்தால் அது அடங்கியிருக்கிறதா முற்றிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வயிற்று ஸ்கேன் ஒன்று, பிளேட்லெட் எண்ணிக்கை, ஆல்புமின், பிலிருபின், ஐ.என்.ஆர். ஆகியவை அடிப்படை.

மருத்துவர் ‘ஃபிப் 4’ என்று ஒரு கணக்கு போடுவார். வயதை எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு ஈரல் எண்ணால் பெருக்கி, வரும் தொகையைப் பிளேட்லெட் எண்ணிக்கையாலும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். 52 வயதுக்காரர், எஸ்.ஜி.ஓ.டி. 36, எஸ்.ஜி.பி.டி. 25, பிளேட்லெட் 1.5 லட்சம் (கணக்கில் 150) என்றால்: 52 × 36 = 1872. 150 × 5 = 750. வகுத்தால் ஏறக்குறைய 2.5. 1.45-க்குக் கீழே என்றால் தழும்பு அதிகமில்லை, 3.25-க்கு மேல் என்றால் முற்றிய தழும்பு. இவருடையது நடுவில் இருக்கிறது, அதனால் ஈரலின் கடினத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு எஸ்.ஜி.ஓ.டி. இயல்பாகவே குறைவு, ஹெப்பாரினால் சிலருக்குப் பிளேட்லெட்டும் இறங்கியிருக்கும் என்பதால் இந்தக் கணக்கை முழுசாக நம்ப முடியாது. ஃபைப்ரோஸ்கேன் செய்வதே நல்லது.

ஃபைப்ரோஸ்கேனுக்கும் நேரம் பார்க்க வேண்டும். உடம்பில் தண்ணீர் தேங்கியிருக்கும்போது ஈரல் வீங்கி, உண்மையில் இருப்பதைவிடக் கடினமாகக் காட்டும். டயாலிசிஸ் முடிந்து டிரை வெயிட்டுக்கு (தேங்கிய நீர் போன எடைக்கு) வந்த பிறகு, மூன்று மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் செய்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை டயாலிசிஸுக்கு முன்னால் எடுத்த ஸ்கேனைப் பார்த்து ‘சிரோசிஸ்’ என்று பயந்தவர்கள், சரியான நேரத்தில் எடுத்ததும் எண் இறங்கி வருவதைப் பார்க்கலாம்.

வயிற்றில் நீர் கோத்தல், ரத்த வாந்தி, மஞ்சள் காமாலை, மயக்கக் குழப்பம் ஆகியவை வந்த சிரோசிஸ் என்றால் இந்தக் கட்டுரையின் 84 நாள் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. ஈரல் சிறப்பு மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனையில்தான் சிகிச்சை.

ஆரம்பிக்கும் முன் ஹெபடைட்டிஸ் பி பார்த்தாக வேண்டும்

ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி., ஆன்டி ஹெச்.பி.சி. என்ற இரண்டு ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைகளும் செய்யாமல் சி-க்கான மாத்திரையைத் தொடங்கக் கூடாது. பி வைரஸ் உள்ளே அடங்கிக் கிடப்பவருக்கு, சி போனதும் பி தலைதூக்கி ஈரலைத் தாக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் இந்த மாத்திரைகள் எல்லாவற்றின் மேலும் இதைப் பெட்டி கட்டிய எச்சரிக்கையாகப் போடச் சொன்னது. பி பாசிட்டிவ் என்றால் அதற்கான மருந்தும் கூடவே தேவைப்படலாம்.

பி இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு மற்றவர்களைவிட இரட்டை அளவு: ஒவ்வொரு முறையும் 40 மைக்ரோகிராம், 0, 1, 2, 6-ஆம் மாதங்களில். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்தும் ரத்தக்குழாய் இணைப்பு) இல்லாத கையின் தோளில் போடச் சொல்லுங்கள். சி-க்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை.

எந்த மாத்திரை

ஹெச்.சி.வி. வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது 1989-ல். அதன் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு, டயாலிசிஸ் நோயாளிக்கு இருந்த ஒரே வழி இன்டர்ஃபெரான் ஊசி. காய்ச்சல், மனச்சோர்வு, ரத்தம் குறைதல் என்று பலர் நடுவிலேயே நிறுத்தினார்கள். ரிபாவிரின் சேர்த்தால் ரத்த சிவப்பணு உடையும். அது டயாலிசிஸில் வெளியேறுவதும் இல்லை. ‘டயாலிசிஸ்காரருக்கு சி வந்தால் ஒன்றும் செய்ய முடியாது’ என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம்.

இப்போது இந்தியாவில் பெரும்பாலும் கொடுப்பது இரண்டு கூட்டணிகள். சோஃபோஸ்புவிர் 400 மி.கி. + வெல்பட்டாஸ்விர் 100 மி.கி. ஒரே மாத்திரையாக வரும். சோஃபோஸ்புவிர் 400 மி.கி. + டக்லாட்டாஸ்விர் 60 மி.கி. சில கம்பெனிகளில் ஒரே மாத்திரை, சிலவற்றில் இரண்டு. இந்தியாவில் அதிகம் காணப்படும் வைரஸ் வகைகளான ஜீனோடைப் 3-க்கும் 1-க்கும் இரண்டும் வேலை செய்யும். முற்றாத நோய்க்குக் கால அளவு 12 வாரம். அடங்கிய சிரோசிஸ் என்றால் பொதுவாக வெல்பட்டாஸ்விர் கூட்டணி.

இங்கேதான் மருந்துக்கடையில் ஒரு தடங்கல் வரும். பழைய சோஃபோஸ்புவிர் டப்பாவின் உள்ளே இருக்கும் தாளில் ‘கடுமையான சிறுநீரகச் செயலிழப்பில் அளவு நிர்ணயிக்கப்படவில்லை’ என்று இருக்கும். சோஃபோஸ்புவிர் உடைந்து உண்டாகும் பொருள் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது. டயாலிசிஸ் நோயாளியின் உடம்பில் அது தேங்கும். அதனால்தான் முதலில் பயந்தார்கள். தேங்கினாலும் தீங்கு செய்யவில்லை என்பது தொடர்ந்து பயன்படுத்தியதில் தெரிந்தது. டயாலிசிஸில் இருந்த 59 பேருக்கு சோஃபோஸ்புவிர் – வெல்பட்டாஸ்விர் 12 வாரம் கொடுத்த ஆய்வில் 56 பேருக்கு வைரஸ் போனது. 2019 நவம்பரில் அமெரிக்க அமைப்பு டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் முழு அளவில் கொடுக்க அனுமதித்தது. உலகச் சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றும் கே.டி.ஐ.ஜி.ஓ. வழிகாட்டியின் 2022 பதிப்பும் அதையே சொல்கிறது.

எனவே பாதி அளவு, ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று சுருக்க வேண்டாம். அளவைக் குறைத்தால் வைரஸ் பிழைத்து, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அடுத்த முறை அதே மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். கிட்னி வழியாக வெளியேறாத கிளெகாப்ரெவிர் – பிப்ரென்டாஸ்விர் என்ற கூட்டணியும் உண்டு, 8 வாரம்தான். ஆனால் சிரோசிஸ் முற்றியவருக்கு அது கூடாது.

2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். கோவை, சேலம், பெருந்துறை போன்ற ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ பொது மருத்துவப் பிரிவில் விசாரியுங்கள். 104-ல் கூப்பிட்டும் கேட்கலாம். ஆதார், டயாலிசிஸ் ஃபைல், ஆர்.என்.ஏ. ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். டயாலிசிஸ் நோயாளி என்பதால் சிறிய மையம் உங்களைப் பெரிய மையத்துக்கு அனுப்பலாம். அது அலைக்கழிப்பு அல்ல, அப்படித்தான் அனுப்ப வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் தனியார் யூனிட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவரும் மாத்திரைக்கு அரசு மையத்துக்குப் போகலாம்.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்திருப்பவர்கள் மாத்திரை தொடங்கும் முன் மாற்று அறுவை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டிலேயே கொடையாளி தயாராக இருந்து தேதியும் நெருங்கிவிட்டால், சில சமயம் அறுவைக்குப் பிறகு சிகிச்சை கொடுப்பார்கள். டிரான்ஸ்டான் (தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில் நெடுநாள் காத்திருக்க வேண்டியவருக்குப் பெரும்பாலும் இப்போதே முடித்துவிடுவது நல்லது.

கூட விழுங்கும் மாத்திரைகள்

அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். டயாலிசிஸ் நோயாளி சராசரியாகப் பத்து மாத்திரையாவது சாப்பிடுகிறார். பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் மேஜை மேல் பரப்பி, மருத்துவர் முன்னால் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேஸ் மாத்திரை. பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் எதுவாக இருந்தாலும். வெல்பட்டாஸ்விர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அமிலத்தை அடக்கிவிட்டால் வெல்பட்டாஸ்விர் ரத்தத்தில் ஏறாது. நம் ஊரில் எந்தச் சீட்டு எழுதினாலும் முதல் வரியில் ஒரு கேஸ் மாத்திரை இருக்கும். அது நிஜமாகவே தேவையா என்று கேளுங்கள். தேவையில்லையென்றால் 84 நாளும் நிறுத்திவையுங்கள். நிறுத்தவே முடியாதவருக்கு டக்லாட்டாஸ்விர் கூட்டணி வசதி, அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

கால்சியம் கார்பனேட். பாஸ்பரஸைக் கட்ட மூன்று வேளையும் சாப்பாட்டோடு மென்று சாப்பிடும் மாத்திரை. இதுவும் அமிலத்தை முறிக்கும். வெல்பட்டாஸ்விரோடு முன்னும் பின்னும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். அதை எப்படிப் பொருத்துவது? காலை 8.30, மதியம் 12.30, இரவு 8.30 என்று சாப்பாட்டை வைத்துக்கொண்டால் மாலை 4.30 சரியான நேரம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டு ராத்திரி எட்டுக்குச் சாப்பிடுகிறவருக்கு நடுவில் இடமே கிடைக்காது. அவர் விடிகாலை 4.30-க்கு எழுந்ததும் விழுங்கலாம். முதல் ஷிஃப்டுக்காக அந்த நேரத்தில் கிளம்புகிறவர்கள்தானே பாதிப் பேர். ஜெலுசில் போன்ற வயிற்றெரிச்சல் மருந்துக்கும் இதே 4 மணி நேரம்.

அமியோடரோன். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுவதற்குக் கொடுப்பது. சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையும். உயிரிழப்பும் நடந்திருக்கிறது. அமியோடரோன் உடம்பில் பல வாரம் தங்கும் என்பதால், நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

ரிஃபாம்பிசின். காசநோய் மாத்திரை. டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் காசநோய் அதிகம் வருவதால் இது அடிக்கடி குறுக்கே நிற்கும். காசநோய் சிகிச்சையை முதலில் முடியுங்கள், சி காத்திருக்கும். வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிடால் சாப்பிடுபவர்களுக்கும் இந்த மாத்திரைகள் வேலை செய்யாது. நரம்பியல் மருத்துவர் வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றித் தந்த பிறகே தொடங்க வேண்டும். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

கொழுப்பு மாத்திரைகளில் ரோசுவாஸ்டாட்டின் வெல்பட்டாஸ்விரோடு சேர்ந்தால் 10 மி.கி.க்கு மேல் வேண்டாம். அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர் தசைவலி வந்தால் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டிய ஒன்று: வைரஸ் குறையக் குறைய இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பிக்கும். பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். முதல் மாதத்தில் வீட்டிலேயே அடிக்கடி சோதித்துப் பாருங்கள்.

84 நாள்

டப்பாவில் 28 மாத்திரை இருக்கும். மூன்று டப்பா மொத்தம். அரசு மையத்தில் மாதம் ஒரு டப்பாதான் தருவார்கள். ஏழு மாத்திரை மீதி இருக்கும்போதே அடுத்ததுக்குப் போங்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறை நடுவில் விழுந்தால் இன்னும் முன்பே. டப்பாவை விட்டு எடுத்து வேறு பெட்டியில் கொட்ட வேண்டாம். ஈரம் உறிஞ்சும் பொட்டணத்தையும் எடுத்துவிடாதீர்கள்.

டயாலிசிஸ் நாள், டயாலிசிஸ் இல்லாத நாள் என்று வித்தியாசம் இல்லை. டயாலிசிஸ் நாளில் கூடுதலாகப் போட வேண்டியதும் இல்லை. சோஃபோஸ்புவிரின் சிதைவுப் பொருளை மெஷின் கொஞ்சம் இழுக்கும், கூட்டணி மருந்துகள் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் வெளியேறாது. முக்கியம், தினமும் ஒரே நேரம். காலண்டரில் அடித்துக்கொண்டே வாருங்கள். மறந்துவிட்டால், வெல்பட்டாஸ்விர் கூட்டணியில் 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அடுத்த வேளையோடு தொடருங்கள், இரண்டு சேர்த்து வேண்டாம். விழுங்கி 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். டயாலிசிஸின்போது பி.பி. இறங்கி வாந்தி வருபவர்கள் மெஷினில் இருக்கும் நேரத்தை மாத்திரைக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

லேசான தலைவலி, சோர்வு, குமட்டல் வரலாம். நான்காம் வாரம் ஈரல் பரிசோதனை ஒன்று. எஸ்.ஜி.பி.டி. இறங்குவதற்குப் பதில் ஏறினால் மருத்துவர் ஹெபடைட்டிஸ் பி-யை மறுபடி பார்ப்பார். வலிக்குப் பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம். சாராயம் அறவே கூடாது.

பத்தியம் என்ற பெயரில் நடக்கும் ஆபத்து

‘ஈரல் நோய்’ என்று காதில் விழுந்ததுமே சொந்தபந்தங்கள் காமாலைப் பத்தியத்தைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பது, தினம் ரெண்டு இளநீர், கரும்புச்சாறு, பருப்பும் முட்டையும் கூடாது. அன்பில் செய்வதுதான். ஆனால் மூத்திரம் போகாத உடம்பில் இளநீரின் பொட்டாசியம் வெளியேற வழியில்லை. அது ஏறினால் இதயம் நின்றுவிடும். ஈரலைக் காப்பாற்றப் போய் அன்று ராத்திரியே அவசரமாக டயாலிசிஸுக்கு ஓட வேண்டிவரும். பச்சிலைச் சாற்றிலும் பொட்டாசியமும் தண்ணீர்க் கணக்கும் உண்டு, மாத்திரையோடு அது என்ன செய்யும் என்பதும் தெரியாது.

ஹெபடைட்டிஸ் சி-க்கென்று தனிப் பத்தியம் இல்லை. டயாலிசிஸ் உணவுமுறை அப்படியே தொடரட்டும். புரதத்தைக் குறைக்கக் கூடாது, எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். முட்டை வெள்ளைக்கரு, கோழி, அளவான பருப்பு. அரிசிம்பருப்பு சாதம் ஒரு வேளை தாராளமாகச் சாப்பிடலாம். தக்காளியை மட்டும் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, பேரப்பிள்ளையைத் தூக்குவதாலோ, தொடுவதாலோ இது பரவாது. தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து ஒருவரை மூலையில் உட்காரவைக்க எந்தக் காரணமும் இல்லை. முக்கியமாக ரத்தம் வழியாகத்தான் பரவும். ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும். வீட்டிலிருப்பவர்கள் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளலாம்.

யூனிட்டில் எப்படிப் பரவுகிறது

புதிதாக வேலைக்குச் சேர்ந்த டெக்னீஷியன்களும் நோயாளியின் வீட்டாரும் இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மெஷின் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். டயலைசரின் (ரத்தத்தை வடிகட்டும் குழாயின்) சவ்வுத் துளை வழியே இந்த வைரஸ் நுழைய முடியாது, துளையைவிட அது பெரியது. பரப்புவது கை, ஊசி, மருந்துக் குப்பி.

ஹெப்பாரின் குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மி.லி. குப்பி, 25,000 யூனிட், ஒரே குப்பியிலிருந்து பலருக்கு. ஒருவருக்கு ஹெப்பாரின் போட்ட சிரிஞ்சை, ‘இன்னும் அரை மி.லி. வேண்டும்’ என்று அதே குப்பிக்குள் ஒருமுறை மறுபடி விட்டால் போதும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் உள்ளே போய்விடும். அந்த ஷிஃப்டில் அந்தக் குப்பியிலிருந்து எடுத்த அத்தனை பேருக்கும் அது போகும். புது ஊசி மாற்றிவிட்டுப் பழைய சிரிஞ்சையே விட்டாலும் அதே கதைதான். ஒவ்வொரு முறையும் ஊசியும் சிரிஞ்சும் புதிது. மருந்து நிரப்புவது நோயாளி இருக்கும் இடத்தில் அல்ல, தனி மேஜையில். மருந்து டிராலியைக் கட்டில் கட்டிலாக உருட்டக் கூடாது.

ரத்தம் உடம்புக்குத் திரும்பும் அழுத்தத்தை அளக்கும் வீனஸ் பிரஷர் லைனின் நுனியில் இருக்கும் சின்ன வட்ட ஃபில்டரைப் பாருங்கள். அழுத்தம் ஏறும்போது ரத்தம் அதுவரை வந்து நனைத்துவிடும். நனைந்தால் உடனே மாற்றி, அதற்குப் பின்னால் மெஷினின் பக்கம் ரத்தம் போயிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒன்று.

கையுறை போட்டு ஊசி குத்திவிட்டு, அதே கையுறையோடு மெஷின் திரையைத் தட்டி அலாரத்தை அமர்த்துவது தினமும் நடக்கிறது. அந்தத் திரையை அடுத்துத் தொடுபவர் கையில் அது ஒட்டும். முடிவில் ஊசி எடுத்த இடத்தை நோயாளியே பஞ்சு வைத்து அழுத்துவார். அழுத்திய கையோடு எடை மெஷின் கம்பியையும் கதவுக் கைப்பிடியையும் பிடிப்பார். அந்தக் கைக்கும் ஒரு கையுறை கொடுங்கள், வெளியே போகும் முன் கை கழுவச் சொல்லுங்கள். உலர்ந்த ரத்தத்துளியிலும் இந்த வைரஸ் பல நாள் உயிரோடு இருக்கும்.

ஒவ்வொருவருக்குப் பிறகும் நாற்காலி, கட்டில், மெஷின் முகப்பு, பி.பி. பட்டை ஆகியவற்றைத் துடைக்க வேண்டும். 5 சதவீத பிளீச் கரைசலில் 10 மி.லி. எடுத்துத் தண்ணீர் சேர்த்து 1 லிட்டர் ஆக்கினால் போதும். ரத்தம் சிந்திய இடத்துக்கு 100 மி.லி. எடுத்து 1 லிட்டர். தினமும் புதிதாகக் கலக்குங்கள், நேற்றையது வீரியம் குறைந்தது.

சி பாசிட்டிவ் நோயாளியைத் தனி அறையில் வைக்க வேண்டியதில்லை, தனி மெஷினும் தேவையில்லை என்பதே கே.டி.ஐ.ஜி.ஓ. சொல்வது. தனி அறையும் மெஷினும் பி-க்குத்தான் கட்டாயம். நம் ஊர் யூனிட்டுகள் பல சி-க்கும் தனி மெஷின் ஒதுக்குகின்றன. ஒதுக்கட்டும், ஆனால் ‘தனி மெஷின் இருக்கிறதே’ என்று கை கழுவுவதில் தளர்வு வந்தால் நெகட்டிவ் நோயாளிகளுக்குள்ளேயே புதிதாக ஒருவர் பாசிட்டிவ் ஆவார். அப்படி ஒருவருக்கு வந்தால், அதே யூனிட்டில் எல்லோருக்கும் ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும்.

ஊழியர் கையில் ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், பிழியவோ பிளீச் ஊற்றவோ வேண்டாம். தொற்று வராமல் தடுக்க உடனே போட மருந்து இல்லை. அன்றே ஆன்டிபாடி பார்த்து, 3 முதல் 6 வாரத்தில் ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். வந்துவிட்டாலும் குணமாக்கலாம்.

மாத்திரை முடிந்த பிறகு

85-ஆம் நாள் எடுத்த ஆர்.என்.ஏ. நெகட்டிவ் என்று வந்தால் அது நல்ல செய்தி, ஆனால் இறுதித் தீர்ப்பு அல்ல. கடைசி மாத்திரை விழுங்கி 12 வாரம் கழித்து எடுப்பதுதான் கணக்கு. அதிலும் வைரஸ் தெரியவில்லை என்றால் குணமாகிவிட்டது. அந்தத் தேதியைக் கடைசி மாத்திரை போட்ட அன்றே காலண்டரில் குறியுங்கள். நடுவில் கல்யாணம், காரியம் என்று இந்தப் பரிசோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இதற்கும் ஹெப்பாரினுக்கு முன்பே ரத்தம், ஊதா மூடிக் குழாய்.

அதற்குப் பிறகும் ஆன்டிபாடி பாசிட்டிவாகவே வரும், ஆயுசுக்கும். அதனால் இனிமேல் ஆன்டிபாடி பார்ப்பதில் பயனில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். ஒருமுறை குணமானது மறுபடி வராமல் காக்காது. அதே யூனிட்டில் அதே ஹெப்பாரின் குப்பி வழியே மறுபடி வரலாம். சிரோசிஸ் இருந்தவருக்கு வைரஸ் போனாலும் ஈரல் புற்றுக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் தொடர வேண்டும்.

வெளியூர் கல்யாணத்துக்கோ பழனிக்கோ போகும்போது அந்த ஊர் யூனிட்டில் ஒரு டயாலிசிஸ் செய்துகொள்ள நேரும். அங்கே ஆன்டிபாடி அட்டையைப் பார்த்து ‘பாசிட்டிவ், இடமில்லை’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். சிகிச்சை முடித்த விவரத்தையும், 12 வாரத்துக்குப் பிறகு எடுத்த ஆர்.என்.ஏ. ரிப்போர்ட்டையும், அண்மை ஆறு மாத ரிப்போர்ட்டையும் ஒரே பக்கத்தில் நகலெடுத்து, மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிப் பையில் வைத்திருங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு உங்கள் யூனிட்டில், வெளியே டயாலிசிஸ் செய்துகொண்டதைச் சொல்லி, ஒரு மாதம் கழித்து ஆர்.என்.ஏ. ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்.